வெறும் தண்ணீர்

வேலுத்தாய் வாயில் விழுந்தவன் எழுந்ததில்லை என்று தெருவில் சொல்வார்கள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் இட்லிக் கடை போட்டு, சாம்பாரைக் குறை சொல்லுகிறவன், கூட்டத்தில் முண்டுகிறவன் எல்லோரையும் வாயாலேயே ஒழுங்குபடுத்தி வைத்திருப்பவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தன்னைத்தானே சபித்துக்கொண்டாள். அதுவும் தெருப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், மனதாரச் சபித்தாள்.

ரேடியோவில் கிராம நிகழ்ச்சி நடத்துகிற செண்பகராஜ் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட்டிருந்தார். அந்தக் கரிசல் சீமையில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் அவர், "என்ன மாமா, பருத்திக்கு மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டால், விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் பாதிப் பேர் ஒலிபெருக்கியைப் பார்த்து, "இன்னும் இல்ல மாப்ள" என்று பதில் சொல்லுவார்கள். நாகலாபுரத்துப் பிள்ளை. தகப்பன் இல்லாமல், கஞ்சிக்கு லாட்டரி அடித்து, கால்நடையாக ஊரைவிட்டுப் போய் மேலே வந்தவர். பட்ட பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தவள் பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம். மத்தியானத்தில் அவள் வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார்கள், பேகம் வாசிப்பாள். கடைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை சும்மா இருக்கக் கூடாது என்று வேலுத்தாயும் வந்துவிடுவாள்.

அன்று வாசித்த அத்தியாயத்துக்கு 'மூடிய கதவு' என்று பெயர். பன்னிரண்டு வயதுச் செண்பகராஜ் சித்திரை வெயிலில் எட்டயபுரத்தைப் பார்த்து நடக்கிறார். வழியில் ஒரு ஊரில், ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறார். உள்ளேயிருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறாள். அந்தக் கதவுதான் தனக்கு வைராக்கியத்தைக் கொடுத்தது என்று எழுதியிருந்தார்.

வேலுத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"தாகத்துக்குத் தண்ணி குடுக்காதவளும் ஒரு பொம்பளையா? அவ பானையில தேளு விழ. அவ நாக்கு வறண்டுதான் போவா."

எல்லோருக்கும் மனம் குளிர்ந்தது. பேகம் மேலே வாசித்தாள். அந்தக் கதவில் காவியால் ஒரு மயில் வரைந்திருந்ததாம். வாசலில் ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று அவிழ்ந்து நின்றதாம்.

வேலுத்தாயின் கையிலிருந்த கூடு நசுங்கிப்போனது. அந்த மயிலை வரைந்தது அவள்தான். கல்யாணமாகி அந்த ஊருக்கு வாழப்போன புதிதில், மாமியார் ஏச ஏச வரைந்தாள். ஒற்றைக் கொம்பு ஆடு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்தது.

இப்போது அந்தப் பிள்ளையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். வெயிலில் வந்தவருக்கு வெறும் தண்ணீர் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்து, அவர் அதைக் கடித்த பிறகுதான் செம்பை நீட்டுவார்கள். அவள் கருப்பட்டி எடுக்கத்தான் உள்ளே போனாள். ஆடு புகுந்து உள்ளே கிடந்த கம்புத் தானியத்தில் வாய் வைத்துவிடும் என்று கதவைச் சாத்தினாள். 'இரு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுப்பெண், வாய் திறக்காத காலம். நம்புவது கஷ்டம்தான், ஆனால் வேலுத்தாய்க்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. மாமியார் கருப்பட்டியைப் பரணில் ஒளித்து வைத்திருந்தாள். தேடி எடுத்து, செம்போடு வெளியே வந்தால் பிள்ளையைக் காணோம். தெருக்கோடி வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அதன் பிறகு இரண்டு நாள் கடையில் சத்தமே இல்லை. இட்லியில் உப்பும் இல்லை. பேகம் வந்து விசாரித்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். புத்தகத்தில் ஊரும் இல்லை, பேரும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது, விட்டுத் தள்ளு என்றாள் பேகம்.

"எனக்குத் தெரியுதே மதினி. தண்ணி குடுக்காதவளுன்னு அச்சுல ஏத்திட்டாவ. நான் செத்த பிறகும் எவளாவது வாசிச்சு என்னைய ஏசுவா."

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் வாசகர் கூட்டம். செண்பகராஜே வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி காசிராஜன் எழுந்து, உழைத்தால் உயரலாம் என்பதற்கு இந்த நூல் சான்று, என் தொழிலாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றார். கூலி உயர்வைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். கயத்தாற்றுச் சம்சாரி நல்லக்கண்ணு, கம்மங்கஞ்சி குடித்தேன், வரகுச் சோறு தின்றேன் என்று நாலு அத்தியாயம் அழுதிருக்கிறீர்களே, நான் இன்று காலையிலும் கம்மங்கஞ்சிதான் குடித்துவிட்டு வந்தேன், அது கஷ்டம் என்று உங்கள் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். செண்பகராஜும் சேர்ந்து சிரித்தார். மற்றபடி பேசியவர்கள் எல்லோரும் ஒரே குரலாக 'மூடிய கதவை'த்தான் புகழ்ந்தார்கள். அந்தக் கல்நெஞ்சக்காரியை ஆளுக்கு ஒரு வார்த்தை திட்டவும் செய்தார்கள்.

வேலுத்தாய் எழுந்தாள். கையில் செம்பு, முந்தானையில் ஒரு முடிச்சு.

"நானும் கருத்துச் சொல்லணும். அந்தக் கதவு என் வீட்டுக் கதவு."

ஆட்டையும் கம்பையும் பரணையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"வெறும் தண்ணி குடுக்கமாட்டாவன்னு நாகலாபுரத்துப் பிள்ளைக்குத் தெரியாதா தம்பி? கருப்பட்டி எடுக்க உள்ள போயிருப்பாளேன்னு நெனைக்க வேண்டாமா?"



"தெரியாதுக்கா" என்றார் செண்பகராஜ். "எங்க வீட்ல கருப்பட்டி இருந்ததே இல்ல. வந்தவியளுக்கு எங்க அம்மா வெறும் தண்ணிதான் குடுத்தா."

வேலுத்தாய் சண்டைக்கு என்று ஆயத்தமாக வந்திருந்தாள். நல்ல வார்த்தைகளாக நாலைந்து பொறுக்கி வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சின்னப் பிள்ளையை நினைத்து அவளுக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. மேடைக்குப் போய், முந்தானையை அவிழ்த்து, கருப்பட்டித் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொதல்ல இதைக் கடிங்க."

கடித்தார். பிறகுதான் செம்பை நீட்டினாள். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"வந்தவனுக்கு ஒரு துண்டு கருப்பட்டி குடுக்க வழியில்ல, இதுல்லா கஷ்டம்" என்றார் நல்லக்கண்ணு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதை விட்டுப்புட்டு கஞ்சியைப் போயி எழுதியிருக்கியளே."

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று செண்பகராஜ் அவளிடமே கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். கதவு சாத்தியது சாத்தியபடியே இருக்கட்டும், திறந்ததையும் எழுதிவிடுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பின்னாலேயே வந்த பேகம் சிரிப்பதைக்கூடப் பார்க்காமல், பானை மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். தேள் இல்லை. முந்தானையில் மீந்திருந்த கருப்பட்டித் துணுக்கை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு செம்பு மொண்டு குடித்தாள்.