டாங்க் மூடி

அந்த ஜீப்புக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவன் அதை ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான். காலையில் எழுப்பினால் முனகும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும், எவ்வளவு செய்தாலும் நல்ல பேர் கிடைக்காது என்பான். கல்குவாரியில் எல்லாருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்துக் கோக்கிற மெக்கானிக் மட்டும் வெறுமனே வண்டி என்பான். ஓட்டுகிறவன் அவனுடைய தங்கையின் புருஷன். வண்டி பாதி வழியில் நின்றால் முதலாளி மாப்பிள்ளையை ஏசுவார், மாப்பிள்ளை மச்சானை ஏசுவான், தங்கை இரண்டு பேரையும் சேர்த்து ஏசுவாள். அதனால் அந்த இரும்பின் ஒவ்வொரு இருமலும் அவனுக்கு அத்துப்படி.

குவாரி குன்றின் மேலே இருந்தது. ஆட்கள் குடியிருந்த தகரக் கொட்டகைகள் அதன் முதுகுப்பக்கம். ஆஸ்பத்திரி கீழே, காய்ந்த ஓடையைத் தாண்டி, இன்னொரு மேட்டையும் ஏறி இறங்கினால் வரும். நடுவில் கிடந்ததைப் பாதை என்று சொல்ல வாய் கூசும்.

அன்று மதியம் பட்டறைக்கு மாப்பிள்ளை ஓடி வந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"மச்சான், அவளுக்கு ரத்தமா போகுது."

எட்டாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு. குவாரி லாரிகள் எல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு விடியும்போதே போய்விட்டன. மிச்சம் இருந்தது மாமியார்தான்.

பின்னால் சாக்கை விரித்து, அதன்மேல் போர்வையைப் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். தலையை மடியில் தாங்கிக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்தான். மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"பாத்துப் போங்க மச்சான். பள்ளத்துல விட்டுராதீங்க."

"வாய மூடிக்கிட்டு அவளைப் பிடி மாப்ள."

"ரெண்டு பேரும் இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்றாள் தங்கை. சிரிக்கப் பார்த்து முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கல் உடைக்கும் மிஷினைத் தாண்டி இறக்கத்தில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. ஓடைக்கு முன்னால் தொண்டையில் முள் சிக்கினாற்போல இரண்டு முறை செருமிவிட்டு நின்றது. மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான். வயரை இழுத்துத் தட்டிப் பார்த்தான், பொறி வந்தது. அப்படியானால் பெட்ரோல்தான் வரவில்லை. வெயிலில் பம்ப் கொதித்தது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும் என்று தண்ணீரில் துணியை நனைத்துப் பம்பில் சுற்றினான். கொஞ்சம் பொறுத்து முடுக்கினான். பிடித்துக்கொண்டது.

"சூடுதான்" என்றான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

ஓடையின் நடு மணலில் மறுபடி நின்றது. ஈரத்துணி இன்னும் காயவில்லை. அப்படியென்றால் சூடு இல்லை. பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினான். ஒரு சொட்டு இல்லை. முந்தின நாள்தான் டாங்க் நிரப்பியது. துரு அடைத்திருக்க வேண்டும் என்று குழாயில் வாயை வைத்து டாங்க் பக்கமாக ஊதினான். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் டாங்க் குபுகுபுவென்றது. மாட்டி முடுக்கினான். உடனே உயிர் வந்தது.

பின்னாலிருந்து மாப்பிள்ளை கேட்டான். "ஆச்சா?"

"துரு. ஊதி விட்டேன்."

"துருவா. இந்தச் சனியனை எப்பவோ எடைக்குப் போட்டிருக்கணும்."

கண்ணாடியில் தங்கையின் கால்தான் தெரிந்தது. சாக்கின் நிறம் மாறியிருந்தது. அவன் கண்ணாடியைத் திருப்பி வைத்தான்.

ஓடையைத் தாண்டிய நீள மேட்டின் பாதியில் மூன்றாவது முறையாக நின்றது. தலைகீழாய் நின்றாலும் இனி இப்படி ஊதி ஊதிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. டாங்கிலிருந்து நேரே கேனில் பெட்ரோல் எடுத்து, கேனை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ரப்பர் குழாயில் என்ஜினுக்கு இறக்கலாம் என்று நினைத்தான்.

"மாப்ள, மேட்டு உச்சிக்கு ஓடு. அந்தப்பக்கம் ஏதாவது லாரி வருதா பாரு. வந்தா குறுக்கே விழுந்தாவது நிறுத்து."

மாப்பிள்ளை போர்வையைச் சுருட்டி அவள் தலைக்கு வைத்துவிட்டு ஓடினான்.

மெக்கானிக் சீட்டைத் தூக்கி டாங்க் மூடியைத் திருகினான். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. குறடு போட்டுத் திருப்பினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று, நெடுநேரம் போயிற்று. ஒடுங்கிக் கிடந்த தகரம் டொம்மென்று நிமிர்ந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். விளிம்பில் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் போட்டிருந்தது. நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் டாங்குக்குள் காற்று போக வேண்டும்; போகாவிட்டால் பெட்ரோல் வராது. அதை ஓட்டை என்று நினைத்துப் பஞ்சர் ஒட்டு போட்டிருந்தது. சுரண்டித் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஓரம் பிசிறில்லாமல். அப்படி அழகாக ஒட்டுகிற கை குவாரியில் ஒன்றுதான்.

குவாரிக்குள்ளேயே சுற்றியபோது கோளாறு தெரியவில்லை. கொஞ்சம் ஓடும், நிற்கும், அதற்குள் எப்படியோ காற்று கசிந்திருக்கும். ஓடையில் அவன் ஊதியதும் துருவைத் தள்ளவில்லை, உள்ளே காற்றைத்தான் அனுப்பியிருக்கிறது.

"என்ன சத்தம்ணே அது?" பின்னாலிருந்து தங்கையின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா."

"மூடியா?"

அவன் மூடியை உள்ளங்கைக்குள் மறைத்தான்.

"பெட்ரோல் வாடை குமட்டுதுன்னு நாந்தான் சொன்னேன். வண்டில வர்றப்பல்லாம் வாந்தி வருதுன்னு. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து ஒட்டினாரு." மூச்சு வாங்கினாள். "அவர்கிட்ட சொல்லிடாதண்ணே. தாங்க மாட்டாரு."

மெக்கானிக் நகத்தால் ஒட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மூடியைத் திருகினான். லாரி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தபடி இறங்கி வந்த மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு முடுக்கினான். அதற்குப் பிறகு மாமியார் எங்கேயும் நிற்கவில்லை. அந்த ஓட்டம் அவனுக்குக் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்தபோது வராந்தாவில் வெயில் சாய்ந்திருந்தது.

"அம்மா பிழைச்சிட்டாங்க. குழந்தை இல்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக்கூடாதா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "துருதானா மச்சான்?" என்றான்.

"துருதான். கடைசியில கழிஞ்சு போச்சு."

"நான் ஒரு மடையன். ஒரு நாள் முழுக்க மூடிய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த நேரத்துல குழாயைக் கழட்டிக் கழுவியிருந்தா..."

மெக்கானிக் சட்டைப்பைக்குள் ஒட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இன்னும் பிசுபிசுத்தது.

மறுநாள் காலை தங்கையை வார்டில் விட்டுவிட்டு இருவரும் குன்றுக்குக் கிளம்பினார்கள். வெள்ளைத்துணியில் சுற்றியதை மெக்கானிக் மடியில் வைத்திருந்தான். ஒரு கிலோ அரிசி அளவுக்குத்தான் கனம். மாப்பிள்ளை ஓட்டினான். ஓடையில் வண்டி குலுங்கியதும் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் வாடை எழுந்தது.

மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினான். வண்டியை நிறுத்தினான்; என்ஜினை அணைக்கவில்லை. இறங்கிச் சீட்டைத் தூக்கினான். மூடியையே பார்த்தான்; அவன் போட்ட ஒட்டு அதில் இல்லை. கட்டைவிரலை அந்தத் துளைமேல் வைத்து அழுத்தினான். மற்ற கையால் ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்துப் பிடித்தான். என்ஜின் அலறியது. அவன் விரலை எடுக்கவில்லை. டாங்க் விரலை உள்ளே இழுத்திருக்க வேண்டும்; அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"எடு மாப்ள."

எடுத்தான். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

"உங்களுக்கு நேத்தே தெரியும்."

மெக்கானிக் மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு?"

"தெரியாது."

மாப்பிள்ளை சீட்டை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்ப அவகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். வாடைன்னு சொன்னது அவதான். தாங்க மாட்டா."

"சொல்லல."

வண்டி நகர்ந்தது. பெட்ரோல் வாடை கொட்டகை வரைக்கும் கூடவே வந்தது. இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.