கலந்தவற்றைப் பிரித்த நீல ஒளி

பதினோரு ஆண்டுகள் ஆய்வகத்தில் குப்பி கழுவிய நான், நாற்பத்து மூன்றாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேறி, நுண்ணோக்கி உதவியாளராக உயர்ந்தேன். உயர்ந்த ஐந்தாம் வாரத்தில் பெரும்பிழை ஒன்றைச் செய்தேன். பாதி பாதியாக இருந்த இரு குப்பிகளை ஒன்றாக ஊற்றி, காலியானதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கழுவும் அறையின் பழக்கம் அது. இடத்தை அடைக்கும் குப்பியைக் கண்டால் என் கை சும்மா இராது.

இரண்டிலும் இருந்தது சாம்பல் நிற நீரே. எனினும் அதில் மிதந்த நுண்துகள்கள் வெவ்வேறானவை. ஒளி பட்டால் அவை எவரும் தள்ளாமலே நீந்தும்: ஒரு வகை நீல ஒளியில், மற்றது சிவப்பொளியில். மீண்டும் அவற்றைச் செய்ய மூன்று மாதங்கள் ஆகும்.

"கொட்டிடுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து பழையபடி கழுவுற அறைக்கே போயிடுங்க," என்றார் தலைமை ஆய்வாளர் அம்மையார்.

பண்டகக் காப்பாளரான என் கொழுந்தனார் வாசலில் நின்றார். "அண்ணி, பேசாம கொட்டிட்டு வாங்க. பரீட்சை பாஸானதுலேர்ந்து உங்களுக்குத் தலை கால் புரியல."

"ரெண்டும் நல்லாவே புரியுது தம்பி. கொட்ட மாட்டேன். பிரிச்சுக் காட்டுறேன்."

"எதை வெச்சு? சல்லடையா?"

"வெளிச்சத்தை வெச்சு."

கலவையைத் தட்டைத் தொட்டியில் ஊற்றி, ஒரு பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து, மறுபாதியில் நீல ஒளியைப் பாய்ச்சினேன்.

"வெளிச்சத்துக்கு ஓடி வர்றதை அள்ளணும், அதானே?" என்றார் கொழுந்தனார்.

"இல்ல. வெளிச்சத்துல ஓடிக்கிட்டே இருக்கும். இருட்டுக்குள்ள நுழைஞ்சதும் நின்னுடும்."

"அது எனக்கும் தெரியும்," என்றார் அம்மையார். "ஒரே தடவையில பிரியாது. எத்தனை சுத்து! யாரு உக்காந்திருப்பா?"

"நான்."

நீலத்தில் நீந்தும் வகை இருட்டுக்குள் போய் நின்றுவிட, ஒளி பட்ட பாதியில் சிவப்பில் நீந்தும் வகை மட்டும் எஞ்சியது; அதை உறிஞ்சியெடுத்தேன். இருட்பாதியின் கலவையை மீண்டும் பாதி மறைத்துச் சிவப்பொளி காட்ட, ஒளி பட்ட பாதியில் நீல வகை தனித்தது. இவ்வாறு மாறி மாறி ஆறு சுற்றுகள். வெள்ளி மாலை அம்மையார் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

"சுத்தமாத்தான் இருக்கு. மிச்சத்தை வேற ஆள் பார்த்துக்கட்டும். நீங்க திங்கட்கிழமை..."

"ஏழாவது சுத்து இப்போ. திங்கட்கிழமை எட்டாவது இருக்கு மேடம். கலந்தது நான். பிரிக்கிறதும் நான்தான்."

அனுமதிக்குக் காத்திராமல் மிச்சக் கலவையைத் தொட்டியில் ஊற்றி விளக்கை ஏற்றினேன். அம்மையார் தொட்டியருகே வந்தார். பின்னர்க் குனிந்தார்.

"ஓரத்துல வெளிச்சம் கசியுது பாருங்க. தாளை நகர்த்துங்க."

அது மெய்யே. நகர்த்தினேன்.