வத்துர பொம்ப

குசினி மணிக்கூட்டில் பதினொன்று நாற்பது.

மீராமுகைதீன் பிரிட்ஜுக்குப் பின்னால் குந்தியிருந்து, தண்ணீர் வரும் மெல்லிய செப்புக் குழாயை அறுத்தார். குழாய் பொருத்துவதுதான் அவர் தொழில். ஆனாலும் ஐஸ் தானாக உறைந்து தானாக விழும் பிரிட்ஜைக் கல்முனையில் வேறெங்கும் கண்டதில்லை. இந்த வீட்டு றபீக்காவின் புருஷன் குவைத்திலிருந்து கப்பலில் அனுப்பியது. கிணற்றுத் தண்ணீரில் ஐஸ் மஞ்சளாக விழுந்ததால், எண்பத்தாறாம் ஆண்டு நோன்புக்குப் பிறகு ஒரு பில்டரும் அனுப்பியிருந்தான். முழங்கை நீளத்தில், இரண்டு முனையும் மூடிய கறுப்பு உருளை.

“ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா விழும் காக்கா,” என்றாள் றபீக்கா. “இண்டைக்கி பத்தரைக்கு விழுந்த. மொத நாள் அந்தச் சத்தத்துக்கு, கள்ளன் எண்டு நான் அலவாங்கோட வந்து நிண்டன்.”

“நல்ல காலம், பிரிட்ஜுக்கு அடிக்கல்ல.”

“அடிச்சிருந்தா அவர் குவைத்தில இருந்தே தலாக் சொல்லியிருப்பார்.”

மீராமுகைதீன் சிரித்தார். உருளையிலிருந்த அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்து, ஒரு முனையை இறுக்கினார். மறுமுனையை இறுக்குவதற்குள் தெருவில் லொறி வந்து நின்றது. நாய்கள் குரைத்தன. பிறகு குரைக்கவில்லை.

ஆமிக்காரர் மூவர் உள்ளே வந்தார்கள். றபீக்காவை முற்றத்துக்கு விரட்டினார்கள். மூத்தவனின் கண் உருளையில் நின்றது.

“மேக்க மொக்கத?”

இது என்ன என்று கேட்கிறான். அது விளங்கியது. அம்பாறையில் மூன்று மாதம் வேலை செய்து பொறுக்கிய சிங்களத்தில் பில்டருக்குச் சொல் இல்லை. தண்ணீருக்கு இருந்தது. பம்புக்கு இருந்தது. கிணற்றுப் பம்பின் தண்ணீரை வடிக்கிற சாமான் என்று சொல்ல நினைத்தார்.

“வத்துர... பொம்ப,” என்றார்.

சிங்களத்தில் பம்பு என்றால் உதட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் வெடிகுண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். அவருடைய உதடும் தமிழ் உதடு.

மூவரும் பின்னால் பாய்ந்தார்கள். மூன்று துவக்குகளும் உயர்ந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

“நே, நே...”

“கட்ட வஹபன்!”

வாயை மூடு. அதுவும் விளங்கியது.

கைகளைத் தலையில் வைத்துப் பிரிட்ஜில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். குண்டு விஷயம் தெரிந்த ஒருவனைக் கூட்டிவர மூத்தவன் ஓடினான். மற்ற இருவரும் வாசற்படியில் நின்றார்கள். இளையவனின் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. துவக்கின் விசையில் இருந்த விரல்.

பதினொன்று ஐம்பத்தைந்து.

முதுகில் பிரிட்ஜின் அதிர்வு ஏறியது. உள்ளே பத்தரை மணித் தண்ணீர் உறைந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டுக்கு அது சத்தத்தோடு விழும். சொல்லிவிட வேண்டும். ஐஸுக்குச் சிங்களத்திலும் ஐஸ்தான். அது அவருக்குத் தெரியும். பொம்பவும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். இதுவும் வாயை விட்டு வெளியே வரும்போது வேறொன்றாகிவிட்டால்? மனதுக்குள் கலிமாச் சொன்னார். பாதியில் மறந்து, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

பன்னிரண்டு. ஒன்றும் விழவில்லை.

பன்னிரண்டு ஒன்று. முதுகுக்குப் பின்னால் எதுவோ கிர்ரென்று திரும்பியது. அவர் வாயைத் திறந்தார்.

“அய்...”

ஐஸ் விழுந்தது. அந்தச் சத்தம் முடியுமுன் வெடிச் சத்தம் கேட்டது.

அவர் தரையில் கிடந்தார். பிரிட்ஜின் கதவில் ஓர் ஓட்டை. அதிலிருந்து வெள்ளையாகக் குளிர் கசிந்தது. தன் உடம்பில் ஓட்டை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. துவக்கு முனை ஒன்று பிடரியில் அழுந்தியிருந்தது. அதன் நடுக்கம் அவருடைய பற்கள் வரை வந்தது.

முற்றத்திலிருந்து றபீக்கா கத்தினாள்.

“காக்கா, உசிரோட இரிக்கீங்களா? ஒரு சொல்லுச் சொல்லுங்க!”