போரிங்கும் போர்டும்

சித்திரபுரத்து ஜீப் டிரைவர் சுடலைமணி, பறவை பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மாவை ஏலக்காய்த் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரமாகக் காத்திருந்தார். தண்ணீர் குடிக்க வந்த அந்த அம்மா, காத்திருப்பது சிரமமாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுடலைமணி உள்ளதைச் சொன்னார்: "எஸ் மேடம். ஐ ஆம் போரிங்."

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நோ, நோ" என்று சுடலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் யானை இறங்கும் வழியைப் பற்றி எவ்வளவு சுவையாகச் சொன்னீர்கள் என்று தேற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

சுடலைமணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காத்திருந்து அலுத்தவனை எதற்காகத் தேற்ற வேண்டும்? தேயிலை ஃபேக்டரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிச் சுற்றிக்காட்டும் வேலையிலிருந்த மனைவி சித்ராவுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

சித்ரா சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஒங்களுக்கு அலுப்பா இருந்தா போர்டுன்னு சொல்லணும். போரிங்னா, ஒங்களால அடுத்தவங்களுக்கு அலுக்குதுன்னு அர்த்தம்."

"எட்டு வருசமா எல்லார்ட்டயும் போரிங்னுதான சொல்லிட்டிருக்கேன்."

"அதான் போன மாசம் ஒங்க ஜீப்ல வந்த ஒருத்தர் ஒங்களுக்குச் சிரிப்புப் புஸ்தகம் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

சொல்லின் வால் கொஞ்சம் மாறியதும் தன் அலுப்பு அடுத்தவர் தலையில் போய் உட்கார்ந்துவிடுவது சுடலைமணிக்கு விந்தையாக இருந்தது. நேரே அந்த அம்மாவிடம் நடந்துபோய், "ஐ ஆம் போர்ட், மேடம்" என்று திருத்திச் சொன்னார்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே பைனாகுலரை நீட்டினார். சுடலைமணி அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பறவை எந்தக் கொம்பில் இருக்கிறது என்று கேட்டார்.