பெக் வீட்டு ஜன்னல்

எங்கள் ஊர் குரோமார்ட்டியில் சாவு விழுந்த வீட்டில் ஜன்னல் திரைகளை இறக்கிவிடுவோம். சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் ஏற்றிவிடுவோம். என் தம்பி மர்டோவுக்குப் பெட்டியே இல்லை. இருபத்தொரு வயதில் ஸ்காட்லாந்துப் படையில் லெஃப்டினண்ட்; போரில் விழுந்தவனைப் பிரான்சிலேயே புதைத்துவிட்டார்கள். திரையை எப்போது ஏற்றுவது என்று பாதிரியாரைக் கேட்டேன். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பதினோரு நாளாகப் பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு கிடந்தோம், நானும் அம்மாவும்.

படைத் தலைவரின் கடிதம் அம்மாவின் தலையணைக்கடியில் இருந்தது. ‘குண்டு நெஞ்சில் பாய்ந்தது. ஒரு நொடிதான். வலியை உணர்ந்திருக்கவே மாட்டான்.’ அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

எனக்கு அந்த வரி முன்பே தெரியும். கடைசி விடுப்பில் வந்தபோது மர்டோ சொல்லியிருந்தான். “செத்தவன் வீட்டுக்கெல்லாம் நான்தான் எழுதணும்க்கா. எல்லாருக்கும் ஒரே வரிதான். எதிர்வீட்டு டேவி ராத்திரி பூரா முள்கம்பியில கெடந்து கத்தினான். அதையா எழுதுறது?” அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை டேவியின் அம்மா பெக் வந்தாள். மீன் விற்கிறவள். ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

“என்னக்கா இது, வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்கே. டேவி போனப்ப உன் பிள்ளை எழுதினது இது. எனக்குப் படிக்க வராது, அப்ப பாதிரியார் படிச்சுக் காட்டினார். நீயே படி. மனசு ஆறும்.”

“குடுங்க, நான் படிக்கிறேன்” என்று கை நீட்டினேன். அந்த வரியைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அம்மா விடவில்லை. பெக் ஒரு சாண் அளவு திரையை ஏற்றினாள்.

அம்மா வாய்விட்டுப் படித்தாள். “குண்டு நெஞ்சில் பாய்ந்தது. ஒரு நொடிதான்.” நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். பாவி நான், நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

“வலியே தெரியலைன்னு அடுத்தாப்ல இருக்கு, படி அக்கா” என்றாள் பெக். “பொய் சொல்ற பிள்ளையா அவன்? இதை நம்பித்தானே நான் என் வீட்டுத் திரையை ஏத்தினேன்.”

அம்மா காகிதத்தின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள்.

“ஆமா பெக். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.” மீதியையும் படித்து முடித்தாள்.

பெக் போனதும் அம்மா அந்தச் சாண் திரையையும் இறக்கிவிட ஜன்னலுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், திறந்த ஜன்னலில் நின்று பெக் கையசைத்தாள். அம்மாவும் கையசைத்தாள். இன்னொரு கையில் கயிறு அப்படியே இருந்தது. பெக் அங்கிருந்து நகரவில்லை. அம்மா மெல்ல, முழுவதுமாகத் திரையை ஏற்றினாள்.