வாசனை இல்லாத மருந்து

அந்தத் தெருவில் அவளுக்குச் சோப்பக்கா என்று பெயர். நோய் பரவத் தொடங்கிய நாளிலிருந்து வாசல் வாசலாகப் போய், "சோப்பு போட்டுக் கழுவுங்க" என்று தொண்டை வறளக் கத்தியதற்குக் கிடைத்த பட்டம் அது. நகராட்சியில் தற்காலிக சுகாதாரப் பணியாளர். மாதா மாதம் யாராவது மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீளும். கணவர் வேலை பார்த்த பணிமனை ஊரடங்கில் மூடிக் கிடந்தது. ஆக, வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் தொண்டையை நம்பித்தான்.

மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒருநாள் ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு தெருமுனையிலும் குழாய் வைத்த நீல டிரம், பக்கத்தில் கயிற்றில் தொங்கும் சோப்பு. யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்காத தெருவில் போய்க் கை கழுவச் சொன்னவர்கள், கழுவத் தண்ணீரும் வேண்டும் என்று கண்டுபிடித்ததே பெரிய விஷயம். ஆனால் லாரி டிரம்மை நிரப்பிவிட்டுத் திரும்புவதற்குள் குடமும் குண்டானும் வரிசை கட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் டிரம் காலி, சோப்பு மட்டும் மிச்சம். உலை வைக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் முதலில் கையைப் பற்றி யார் நினைப்பார்கள்?

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை. பல நாளாகச் சரியாகத் தூங்காத மனிதர், பேசும்போதே கண் சொருகியது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை கேனை எடுத்து நீட்டினார்.

"காலி டிரம் படமெல்லாம் மேல போகுதும்மா. என் தலைதான் உருளுது. இதை ரெண்டு மூடி கலந்து விடுங்க. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கைக்கு நல்லது, வயித்துக்குள்ள போனாதான் வம்பு. கலந்திருக்குன்னு சொல்லிட்டா ஒருத்தரும் குடத்தோட வரமாட்டாங்க."

"யாராவது தெரியாம குடிச்சிட்டா சார்?"

"அதுக்குத்தானே சொல்லச் சொல்றேன். டிரம் நிறைஞ்சு நின்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை. எந்தக் குழந்தை எந்த நேரத்தில் குழாயில் வாய் வைக்கும் என்று யார் கண்டது? தெரு முழுக்கப் பார்க்கக் கேனைத் தூக்கிக் காட்டினாள். "இந்த மருந்தைக் கலந்தாச்சு. என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன், ஒரு வாய் குடிச்சாலும் குடல் வெந்துடும்" என்றாள். பிறகு கேனைச் சீல் உடைக்காமல் கொண்டுபோய்த் தன் சாமான் அறையில் வைத்துப் பூட்டினாள். ஒரு பொய்யோடு போகட்டும் என்று நினைத்தாள்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. தெரு அவளை அப்படி நம்பியது. குடங்கள் வரவில்லை. கை கழுவவும் யாரும் வரவில்லை, தோல் உரிந்துவிடுமோ என்ற பயம். டிரம் தளும்பத் தளும்ப நின்றது. அதிகாரி வந்து படம் எடுத்து மேலே அனுப்பினார், வேலையும் நீண்டது. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெண்கள் காலிக் குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடக்கும்போதெல்லாம், நல்ல தண்ணீரைக் காவல் காக்கும் தன் பிழைப்பை நினைத்து வெட்கப்பட்டாள்.

அப்போதுதான் தையல்காரருக்கு நோய் கண்டது. டிரம்முக்கு நேர் எதிர் வீடு. யாரும் வெளியே வராதபடி நகராட்சி ஆட்கள் வாசலை மறித்துத் தகரத்தை அடித்துவிட்டுப் போனார்கள். தண்ணீரும் சாமானும் வீடு தேடி வரும் என்று உத்தரவில் இருந்தது. உத்தரவில் இல்லாதது எது? இரண்டு நாளாக ஒருவரும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் அந்தப் பக்கம் திரும்பவே பயந்தார்கள்.

தையல்காரர் மனைவி தகரத்துக்கு மேல் தலையை நீட்டினாள். "அக்கா, அவருக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. நாக்கு நனைக்கத் தண்ணி இல்ல. எங்கேருந்தாவது ஒரு குடம் வாங்கிக் குடுங்க."

சோப்பக்கா டிரம்மைப் பார்த்தாள். "இதையே பிடிச்சுத் தரேன். நல்ல தண்ணிதான்."

"விளையாடாதீங்க அக்கா. நீங்கதானே சத்தியம் பண்ணீங்க."

இனி என்ன சொல்லி என்ன? முகக்கவசத்தைக் கழற்றினாள். குழாய்க்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திப் பிடித்து, தெருவே வேடிக்கை பார்க்க மடக் மடக்கென்று குடித்தாள். பிறகு ஒரு குடம் நிரப்பித் தகரத்துக்கு மேலே கொடுத்தாள். வாயைப் பிளந்து நின்ற தெரு, விஷயம் புரிந்ததும் சிரித்தது. "அதிகாரிக்கே அல்வா குடுத்துட்டியேம்மா" என்றார் இஸ்திரிக்காரர். சாயந்திரத்துக்குள் டிரம் காலி. அன்றைக்குத்தான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. ஜீப் சத்தம் கேட்டாலே அந்தத் தெரு கதவைச் சாத்திக்கொள்ளும். அதிகாரி காலி டிரம்மைப் பார்த்தார், லாரியை வரவழைத்து நிரப்பச் செய்தார், கேனைக் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். சீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சீலைத் தானே உடைத்து, பாதிக் கேனை டிரம்முக்குள் கவிழ்த்து, மீதியை அவளிடமே நீட்டினார்.

"இன்னிக்கு மேலேருந்து குழு வருது. அவங்க பார்த்துட்டுப் போற வரைக்கும் இது நிறைஞ்சு நிக்கணும். நின்னா, இந்த சீல் விஷயத்தை நான் மறந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் கண்ணில் மறைந்ததும் கதவுகள் திறந்தன, குடங்கள் வந்தன. தகரத்துக்கு மேலே தையல்காரர் மனைவியின் தலை தெரிந்தது. "ஐயா போயாச்சா அக்கா? இவருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. உங்க புண்ணியம்."

"யாரும் பிடிக்காதீங்க. இது நிஜமாவே மருந்து. இப்பதான் ஊத்தினாங்க."

"சரி சரி" என்று கண்ணடித்தார் இஸ்திரிக்காரர். "யாராவது கேட்டா நாங்களும் அப்படியே சொல்றோம்."

கேனைத் தூக்கிக் காட்டினாள். "அன்னிக்கும் இதையேதானே காட்டினே" என்றார். மகள் மேல் சத்தியம் என்று வாய் வரை வந்தது. அதையும் அன்றைக்கே செலவழித்துவிட்டிருந்தாள். குழாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இஸ்திரிக்காரர் மெதுவாக, உரிமையாக, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குழாய் திறந்து தண்ணீர் அவர் குடத்தில் விழுந்தது.

அந்தக் குடத்தைக் காலால் எட்டி உதைத்தாள். பிறகு டிரம்முக்குத் தோள் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். முதலில் அசையவில்லை. இரண்டாம் தடவை சாய்ந்தது. அத்தனை தண்ணீரும் தெருவெல்லாம் ஓடி, எல்லார் காலையும் நனைத்துவிட்டுச் சாக்கடையில் இறங்கியது. இஸ்திரிக்காரர் நசுங்கிய குடத்தை எடுத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"மருந்துதாங்க. நம்புங்க" என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

தையல்காரர் மனைவி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "எங்களுக்குக் குடுத்தது தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்து கொட்டிட்டீங்க, அது புரியுது அக்கா. எங்க வீட்டுலயும் வயிறு இருக்கு. ஆனா இன்னும் மருந்துன்னே சொல்றீங்களே, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.