மூச்சு விடாத சகலை

எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. பெண்கள் அருகருகே இருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி ஒத்தாசையாக இருப்பார்கள் என்று அவர்களுடைய அப்பா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், யோசித்துச் செய்த ஏற்பாடு. மாப்பிள்ளைகள் தினமும் கதவைத் திறந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே என்பதை மட்டும் மனிதர் யோசிக்கவில்லை.

மூத்த மாப்பிள்ளை தையல்காரர். இளையவர் பல் செட் செய்து கொடுப்பவர், தெருவுக்குப் பல்லுக்காரர். நேரில் பார்த்தால் இருவரும் ‘சகலை, சகலை’ என்று தேனாக ஒழுகுவார்கள். வீட்டுக்குள் போனதும் தையல்காரர் என்ன சொல்வார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். எங்கள் ஜன்னலுக்கும் ஓரளவு தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். மாமனார் வீட்டில் குழாய் ஒழுகினாலும், பூட்டு மாட்டிக்கொண்டாலும், மின்விசிறி முனகினாலும் இத்தனை வருஷமாக ஒரே பேச்சு: “மூத்தவரைக் கூப்பிடு.” தையல்காரர் ஒரு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், கொஞ்சம் கம்பி, இவற்றோடு கிளம்பிப் போவார். அவர் சரிசெய்த பொருள் ஓடும். எங்கேயாவது ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஓடும். மாமனார் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “மாப்ளைக்கு நல்ல கைராசி” என்பார். கடையில் பத்து சட்டை தைத்தாலும் கிடைக்காத நிறைவு அந்த ஒரு வார்த்தையில் அவருக்குக் கிடைத்துவந்தது.

இந்த நேரம் பார்த்துப் பல்லுக்காரர் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயை மாற்றப் போகிறேன், அதையும் வீட்டு வாசலில் நானே செய்யப் போகிறேன் என்று ஒரு பெட்டியை வரவழைத்தார்.

சனிக்கிழமை மதியம் பானெட் திறந்தது. பானெட் திறந்த ஐந்தாவது நிமிஷம் தையல்காரர் வந்து நின்றார்.

“என்ன சகலை, இருக்கிற குழாய்க்கு என்ன வந்துச்சு?”

“அது சளி புடிச்ச மூக்கு மாதிரி, சகலை. குறுகல். இது அகலம். எஞ்சின் தாராளமா மூச்சு விடும்.”

“வண்டி செஞ்சவனுக்குத் தெரியாத மூக்கா?”

பல்லுக்காரர் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார். மூன்று தட்டாக விரிந்தது. ஒவ்வொன்றும் அதனதன் குழியில், நல்ல பல்வரிசை போல. தையல்காரர் கண் முதலில் தேடியது பத்தாம் நம்பர் ஸ்பேனரை. உலகத்தில் எந்த வீட்டிலும் பத்தாம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. இங்கே இருந்தது. அவருக்கு முதல் அடி அங்கே விழுந்தது.

வேலை நடந்த அழகையும் சொல்ல வேண்டும். பல்லுக்காரர் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு சென்சாரின் பிளக்கை, குழந்தையின் காதைத் தொடுவதுபோலத் தொட்டு எடுத்தார். பழைய ஃபில்டர் டப்பாவின் போல்ட்டுகளை ஒரு கிண்ணத்தில் வரிசையாக வைத்தார். கிளாம்பைத் தளர்த்திப் பழைய குழாயை உருவியதும் எஞ்சினின் தொண்டை ஆவென்று திறந்து கிடந்தது.

“ஒரு நட்டு இதுக்குள்ள விழுந்தாலும் தொலைஞ்சோம்” என்று சொல்லி, ஒரு துணியைச் சுருட்டி அந்தத் தொண்டைக்குள் நன்றாக உள்ளே தள்ளி அடைத்தார்.

தையல்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நீலக் கட்டம். பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் எங்கே சேர்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாதபடி அவரே தனக்காகத் தைத்துக்கொண்ட சட்டை! போன மாதம் கொடியில் காயப்போட்டது காற்றில் பறந்துவிட்டது என்று மனைவி சொல்லியிருந்தாள். காற்றில் போன சட்டை இப்போது காற்றுக் குழாயில் இருந்தது.

“இந்தத் துணி...?”

“அக்கா குடுத்தாங்க. நல்ல பருத்தி. நூல் பிரியாது.”

தன் தையலுக்கு இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரம் எந்தத் தையல்காரனுக்கும் கிடைத்திருக்காது. “கடையில ஆள் வந்திருக்கும்” என்று முணுமுணுத்துவிட்டு அவர் விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார். கடையில் ஆளும் இல்லை, பேயும் இல்லை. கதவிடுக்கில் நின்று பொருமிக்கொண்டிருந்தார்.

பொருமினாலும் கால் நிற்குமா? அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். அதற்குள் புதுக் குழாய் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பல்லுக்காரர் கையில் நீளமாக ஒரு ஸ்பேனர். திருப்பினார். ‘டக்’ என்றது.

“என்ன இது, சொடக்கு போடுது?”

“டார்க் ரெஞ்ச், சகலை. போதும்னு சொல்லுது. இதுக்கு மேல இறுக்கினா விரிசல் விட்டுரும்.”

“போதும்னு நம்ம கைக்கே தெரியாதா?”

“உங்க கைக்குத் தெரியும். என் கைக்கு யாராவது சொல்லணும்.”

தையல்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நீலக் கட்டத்தைக் காணோம். அப்படியானால் துணி உள்ளேயேதான் இருக்கிறது! அதன் மேலேயே குழாயை மாட்டி, டக் டக்கென்று சொடக்கும் போட்டாயிற்று.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதுவரைக்கும் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மனைவி சரியாக அந்த நேரத்திலா தெருவைத் தாண்டி வர வேண்டும்?

“பாருங்க, எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்காரு! ஒரு கம்பி கிம்பி நீட்டிக்கிட்டு இருக்கா? நீங்களும்தான் நம்ம ஃபேனை மாட்டினீங்க. அது சுத்துறப்பல்லாம் நான் கட்டிலுக்கு அடியில போயிடலாமான்னு இருக்கு.”

திறந்த வாய் மூடிக்கொண்டது.

தங்கை வேறு வாசலுக்கு வந்து, “அத்தான், அப்பாவுக்கு போன் போட்டேன். நாளைக்குக் காலையில வர்றாராம். புதுக் குழாய் போட்ட வண்டிய நான்தான் முதல்ல ஸ்டார்ட் பண்ணுவேன், அதுவரைக்கும் யாரும் சாவியத் தொடக் கூடாதுன்னுட்டாரு” என்றாள். “சின்ன மாப்ளைக்கு இவ்வளவு கைவேலை தெரியுமான்னு ஒரே ஆச்சரியம் அவருக்கு.”

கைராசி போய்க் கைவேலை வந்துவிட்டது. தையல்காரர் துணியைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீட்டுக்குப் போய் அவர் மனசுக்குள் ஒரு ஒத்திகையே பார்த்திருப்பார். மாமனார் சாவியைத் திருப்புவார். வண்டி இருமும், திணறும். பல்லுக்காரர் விழிப்பார். அப்போது இவர் சாவகாசமாக முன்னால் வந்து, திருப்புளியால் கிளாம்பைத் தளர்த்தி, உள்ளேயிருந்து நீலக் கட்டத்தை இழுத்து எடுத்து, “இது என்ன சகலை?” என்பார். மாமனார் சொல்வார்: “நான்தான் சொன்னேனே, மூத்தவரைக் கூப்பிடுன்னு.” அன்று மாலை அவர் கடையில் சீட்டியடித்துக்கொண்டே பட்டனுக்குக் காஜா எடுத்தார். கேட்டவர்கள் எல்லாம் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் சவரம் செய்த முகமும் தேய்த்த சட்டையுமாக வந்து இறங்கினார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, புதுக் குழாயை விரலால் தட்டி, “ம்” என்றார். வாழ்நாள் முழுக்க எஞ்சின் சூட்டில் கால் வைத்து உட்கார்ந்தவருடைய ஒரு ‘ம்’ என்பது சாமானியமா? தையல்காரருக்கு அது ஊசி குத்தியதுபோல இருந்தது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டார். இன்னும் ரெண்டு நிமிஷம்தானே.

மாமனார் பானெட்டை மூடிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பழைய ஞாபகம் வந்துவிட்டது போல.

“எங்க டிப்போவுல ஒருத்தன் இருந்தான். காத்துக் குழாயைக் கழட்டி மாட்டுனவன், துடைச்ச துணிய உள்ளயே விட்டுட்டான். ஒரு கையகலத் துணிதான். ஸ்டார்ட் பண்ணினதும் எஞ்சின் அதை அப்படியே இழுத்துக்கிச்சு.”

“அப்புறம்?” என்றார் தையல்காரர்.

“அப்புறம் என்ன? எஞ்சினையே இறக்கிப் பிரிச்சாங்க. அதுக்கப்புறம் டிப்போவுல ஒரு டிரைவரும் அவன் மூஞ்சில முழிக்கல.”

ஒத்திகையில் இந்தக் காட்சி இல்லை. வண்டி இருமும் என்றுதான் அவர் நினைத்திருந்தார், சாகும் என்று நினைக்கவில்லை. அதுவும் மாமனார் கையால்! மாமனாரின் விரல் சாவிக்குப் போனது.

“மாமா! திருப்பாதீங்க! துணி! நேத்து வெச்ச துணி உள்ளயே இருக்கு! எடுக்கவே இல்ல!”

கத்தியபடியே தையல்காரர் பானெட் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விழுந்தார். கார் அவரைத் தாண்டி ஓடிவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

பல்லுக்காரர் மெதுவாகக் கையை உயர்த்தி, தையல்காரர் தலைக்கு நேர் மேலே காட்டினார். வாசலில் கட்டிய கொடியில், இரண்டு கிளிப்புக்கு நடுவில், நீலக் கட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தங்கை நேற்றே அலசிப் போட்டது. எங்கள் ஜன்னலுக்கே தெரிந்த துணி, அதற்கு அடியில் நின்ற மனிதர் கண்ணுக்குத் தெரியவில்லை.

“குழாய் மாட்டுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேனே, சகலை. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க.”

மாமனார் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

“அப்போ நேத்திலேருந்து உள்ள இருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா, மாப்ள?”

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் கொடிக்குப் போனது. காற்றில் பறந்துபோன சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எடுத்த வாயை அவளும் மூடிக்கொண்டாள். குடும்பம் என்றால் அப்படித்தான் ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

“நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்களே சகலை” என்றார் பல்லுக்காரர். குத்தலா, குணமா? ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுப்பவர், தன் பல்லைக் காட்டாமல் சிரித்தார்.

வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல், நிறைய மூச்சு. மாமனார் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு சுற்றுக்கு எல்லோரும் கிளம்ப, எந்த வண்டியிலும் மூத்த மாப்பிள்ளைக்கென்று விடும் முன்சீட்டில் பல்லுக்காரர் ஏறினார். மூத்தவருக்குப் பின்சீட்டில், இரண்டு சகோதரிகளுக்கு நடுவில், முழங்கால் முகவாயைத் தொடும் இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு மாமனார் வீட்டிலிருந்து கொஞ்ச நாள் எந்த அழைப்பும் இல்லை. தையல்காரர் கடையில் போனைப் பார்ப்பதும் துணியைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு காலரைத் தலைகீழாகவே வைத்துத் தைத்துவிட்டார். கடைசியில் ஒருநாள் வீட்டில் போன் அடித்தது. அவர் மனைவிதான் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் தெருவுக்கே கேட்டது.

“சமையலறைக் குழாய் அடைச்சுக்கிச்சும்மா. மூத்தவரைக் கூப்பிடு.”

தையல்காரர் அதற்குள் திருப்புளியை எடுத்துச் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

“ஆனா ஒண்ணு” என்றது போன். “உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா, குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடச் சொல்லு.”